அண்டார்க்டிகாவில் கடுங்காற்று: கூடாரத்துக்குள் காத்திருப்பதற்கான முழுமையான வழிகாட்டி

தென் துருவத்துக்கு ஸ்கீயில் செல்லும் பயணங்களில் பல, கடல்மீது மிதக்கும் ரோன் பனித்தட்டின் விளிம்பிலுள்ள ஹெர்குலஸ் இன்லெட்டில் தொடங்குகின்றன. அங்கிருந்து துருவம் ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் தொலைவு. கடல் மட்டத்தை ஒட்டிய உயரத்திலிருந்து 2,835 மீட்டர் வரை, உணவும் எரிபொருளும் ஏற்றிய ஸ்லெட்ஜை இடுப்பில் கட்டி இழுத்தபடி ஏற வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரையிலான பயணப் பருவத்தில் அங்கே சூரியன் மறைவதில்லை. ஆனாலும் காற்று ஒரு நாளோ மூன்று நாளோ ஆளைக் கூடாரத்துக்குள் முடக்கிவிடுவது வழக்கமான ஒன்று. பயணத்துக்குத் தயாராகிறவர்கள் உடற்பயிற்சிக்கும் உணவுக் கணக்குக்கும் மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். புயலில் காத்திருப்பதை மட்டும் ஓய்வு நாள் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அந்த நாட்களிலும் சில மணி நேரத்துக்கு ஒரு முறை செய்தே ஆக வேண்டிய வேலைகள் இருக்கின்றன. அவற்றை, காற்று வலுப்பதற்கு முந்தைய மணி நேரத்திலிருந்து மீண்டும் நடை தொடங்குவது வரை, வரிசையாக இங்கே எழுதியிருக்கிறேன்.

காற்றைப் புரிந்துகொள்ளுதல்

அண்டார்க்டிகாவில் இரண்டு வகையான காற்றைச் சந்திக்க நேரிடும். முதலாவது, உயர்ந்த பீடபூமியின் பனிப்பரப்பில் குளிர்ந்து கனத்துப்போன காற்று, சரிவில் நீரைப் போலக் கீழ்நோக்கி வழிந்து வருவது. இதன் திசை பெரும்பாலும் மாறாது. தெளிந்த வானத்தின் கீழும் மணிக்கணக்கில் வீசும். ஆய்வுப் பயணி டக்ளஸ் மாசன் 1912-இல் முகாமிட்ட, அண்டார்க்டிகக் கரையிலுள்ள கேப் டெனிசனில் இத்தகைய காற்றின் ஆண்டுச் சராசரி வேகமே மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டராக இருந்தது. இரண்டாவது, கடலிலிருந்து வரும் காற்றழுத்தத் தாழ்வுகள் கொண்டுவரும் புயல். இது மேகத்தையும் புதுப்பனியையும் சேர்த்தே கொண்டுவரும். வெப்பநிலை சற்று உயரும். பார்வை தூரம் சில மீட்டராகச் சுருங்கும். திசையும் நடுவில் மாறக்கூடும்.

காற்றின் வேகம் இரு மடங்கானால் கூடாரத்தின் மீதான அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் துணியின் மீது ஏறத்தாழ 14 கிலோ எடை சாய்ந்திருப்பதாகக் கொண்டால், 100 கிலோமீட்டரில் அது 55 கிலோவாகிவிடும். குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது என்பதால், அதே வேகத்தில் வெப்ப நாட்டுக் காற்றைவிட அது கூடுதலாகவே தள்ளும். ஆகவே மாலையில் நன்றாகத் தாங்கி நின்ற கட்டு, இரவில் காற்று ஒன்றரை மடங்கு வலுத்ததும் போதாமல் போவதில் வியப்பில்லை.

முதல் படி: நிற்க வேண்டிய நேரத்தில் நிற்பது

காற்றழுத்தமானி தொடர்ந்து இறங்குவது, மலைச்சிகரங்களின் மேல் வில்லை வடிவ மேகங்கள் தங்கி நிற்பது, தரையை ஒட்டிப் பனித்துகள் ஓடத் தொடங்குவது, பயண ஏற்பாட்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து வரும் எச்சரிக்கை ஆகியவற்றில் ஏதேனும் இரண்டு சேர்ந்து வந்தால் அன்றைய நடையை முடித்துக்கொள்வதே நல்லது. அன்றைய இலக்குக்கு இன்னும் நான்கு கிலோமீட்டர்தானே என்று நடப்பவர்கள், விரல்கள் மரத்துப்போன நிலையில் மணிக்கு 70 கிலோமீட்டர் காற்றில் கூடாரத்தை விரித்துக் கட்ட வேண்டியிருக்கும். வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று, திறந்த தோலுக்கு மைனஸ் 36 டிகிரிக்கு இணையான குளிரைத் தரும். கையுறையைக் கழற்றிக் கொக்கி மாட்டுவதற்கு அங்கே சில நொடிகள்தான் அவகாசம்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தரையைப் படிக்க வேண்டும். காற்று அரித்துச் செதுக்கிய சாஸ்ட்ருகி என்னும் கெட்டிப்பனி வரப்புகள், அந்த இடத்தின் வலுவான காற்று எத்திசையிலிருந்து வருகிறது என்பதைக் காட்டிவிடும். அவற்றின் கூர்மையான, அடிப்புறம் குடைந்த முனை காற்று வரும் பக்கத்தைப் பார்த்திருக்கும். பெரிய வரப்பு ஒன்றின் மறைவில் கூடாரம் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் காற்று தணியும் மறைவில்தான் பறந்து வரும் பனி படிகிறது. மறைவில் போட்ட கூடாரம் இரவோடு இரவாகப் புதைந்துவிடும். பனிப்பிளவுகள் உள்ள பகுதியில், முகாமின் சுற்றளவு முழுவதையும் நீண்ட கோலால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் ஸ்கீயைக் கழற்ற வேண்டும்.

இரண்டாம் படி: கூடாரத்தை நிறுத்துவது

1911 ஜூலையில், துருவக் குளிர்காலத்தின் இருட்டில், ராபர்ட் ஸ்காட்டின் குழுவைச் சேர்ந்த எட்வர்டு வில்சன், ஹென்றி பவர்ஸ், ஆப்ஸ்லி செர்ரி-கெரார்ட் ஆகிய மூவரும் எம்பரர் பென்குயின் முட்டைகளுக்காகக் கேப் குரோசியருக்குச் சென்றிருந்தார்கள். அங்கே வீசிய புயல் அவர்களுடைய கூடாரத்தைத் தூக்கிச் சென்றது. கற்களால் கட்டியிருந்த குடிலின் கூரைத் துணியும் கிழிந்து போனது. உறக்கப்பைகளின் மீது பனி மூடக் கிடந்த அவர்கள், காற்று தணிந்ததும் தேடிப் போனபோது, ஏறத்தாழ அரை மைல் தொலைவில் சரிவின் அடியில், கம்பிகள் குடை போல மடங்கிய நிலையில் கூடாரம் கிடைத்தது. அது கிடைத்திராவிட்டால் அவர்கள் திரும்பியிருக்க வழியே இல்லை. இன்றைய நைலான் துணியும் அலுமினியக் கம்பியும் அந்தக் காலத்துத் துணியையும் மூங்கிலையும்விடப் பல மடங்கு மேலானவை. காற்றில் பறந்து போகும் வேகத்திலும் மேலானவை.

ஆகவே பையிலிருந்து கூடாரத்தை வெளியே எடுப்பதற்கு முன்பே அதைக் கட்டிவிட வேண்டும். ஸ்லெட்ஜைக் காற்றுக்குக் குறுக்காக நிறுத்தி, அதன் கயிற்றில் காரபினர் என்னும் பூட்டுக் கொக்கியை மாட்டி, கூடாரத்தின் காற்றுப் பக்க வளையத்தை அதில் பூட்டிய பிறகே துணியை விரிக்க வேண்டும். இருவர் இருந்தால், ஒருவர் துணியின் மீது மண்டியிட்டு எடையாக இருப்பார். மற்றவர் கம்பிகளை வளைப்பார். துருவப் பயணங்களில் பெரிதும் பயன்படுவது நீள்வளைவான சுரங்க வடிவக் கூடாரம். அதன் ஒடுங்கிய முனை காற்றைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் காற்று வாங்கும் சுரங்கக் கூடாரம் கம்பியை முறித்துக்கொள்ளும். புயல் பருவத்தில் ஒவ்வொரு உறையிலும் இரண்டு கம்பிகளைச் செருகுவது கூடுதல் எடை என்றாலும், என் கருத்தில் அது விட்டுக்கொடுக்கக் கூடாத எடை.

காற்றுப் பக்க முனையின் நங்கூரமாக ஸ்கீக்களே சிறந்தவை. வளையத்துக்குள் ஸ்கீயின் வால் பகுதியைச் செலுத்தி, கூடாரத்துக்கு எதிர்ப்புறமாகச் சற்றுச் சாய்த்து, பாதி நீளம் வரை கெட்டிப்பனியில் இறக்க வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஸ்கீயின் உலோக ஓரங்கள் கத்தி போன்றவை. துணி படபடக்கும் ஒவ்வொரு முறையும் கயிறு அந்த ஓரத்தில் உராய்ந்தால், சில மணி நேரத்தில் இழை இழையாக அறுந்துவிடும். கயிறு ஸ்கீயின் தட்டையான முகத்தில் படும்படி திருப்பி வைத்து, தொடும் இடத்தில் ஒரு துண்டுப் பட்டையைச் சுற்றிவிட்டால் இந்தத் தொல்லை இராது. மற்ற இழுகயிறுகளுக்குப் பனி முளைகள் போதும். பனி மென்மையாக இருந்தால் முளையைப் படுக்கைவாட்டில் புதைத்து, மேலே பனியை மிதித்து இறுக்கி, அது இறுகும் வரை காத்திருந்துவிட்டுக் கயிற்றை இழுக்க வேண்டும்.

பிறகு கூடாரத்தின் அடியோர மடிப்புகளின் மீது பனியைக் குவிக்க வேண்டும். முதலில் காற்றுப் பக்கம், பிறகு மற்றப் பக்கங்கள். இந்த மடிப்பு திறந்திருந்தால் காற்று உள்ளே புகுந்து வெளித்துணியை மேலே தூக்கும். கூர்மையான பனிக்கட்டி துணியைக் கிழிக்கும் என்பதால், உடைத்துப் பரப்பிய பனியே போதும்.

மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போகும் என்று தெரிந்தால் பனிச்சுவர் எழுப்புவது உழைப்புக்குத் தக்க பலன் தரும். கெட்டிப்பனியை ரம்பத்தால் அறுத்து, காற்றுப் பக்கத்தில், கூடாரத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, கூடாரத்தின் பாதி உயரத்துக்கு மேல் சற்று வளைவாகக் கட்டலாம். சுவர் மிக அருகில் இருந்தால் அதன் பின்னே படியும் பனி நேரே கூடாரத்தின் மீது குவியும். இந்தத் தவறுதான் அதிகம் நடக்கிறது. வேலை செய்யும்போது வியர்க்கவிடக் கூடாது. உள்ளாடையில் ஊறிய வியர்வை, அடுத்த நாள் முழுக்க உறக்கப்பைக்குள் குளிராகவே இருக்கும்.

மூன்றாம் படி: உள்ளே நுழைந்த முதல் மணி நேரம்

வாசலில் ஆடைகளின் மீதும் காலணிகளின் மீதும் ஒட்டியிருக்கும் பனியை, மடிப்புகளுக்குள் இருப்பது உட்பட, தூரிகையால் முழுவதும் துடைத்த பிறகே உள்கூடாரத்துக்குள் செல்ல வேண்டும். உள்ளே வந்த பனி அடுப்புச் சூட்டில் நீராகி, பிறகு உறக்கப்பையில் பனிக்கட்டியாகிவிடும். சாட்டிலைட் போன், தீமூட்டி, கத்தி, உதிரிக் கையுறை, பழுதுபார்ப்புப் பொருட்கள், ஒரு நாள் உணவு ஆகியவற்றை ஒரே பையில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு தேடினாலும் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். மண்வாரியும் ரம்பமும் வெளியே கிடக்கக் கூடாது. வெளித்துணிக்கும் உள்கூடாரத்துக்கும் இடைப்பட்ட வாசல் பகுதிக்குள், ஒரே இடத்தில் அவை இருக்க வேண்டும். புதைந்துபோன கூடாரத்திலிருந்து வெளியேற அந்த மண்வாரியே வழி.

நான்காம் படி: அடுப்பும் காற்றோட்டமும்

காத்திருப்பில் ஆளைக் கொல்லக்கூடிய அபாயங்களில் சத்தமே இல்லாதது கார்பன் மோனாக்சைடு. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிணைகிறது. நிறமோ மணமோ கிடையாது. 1934-இல் அமெரிக்க ஆய்வுப் பயணி ரிச்சர்டு பேர்டு, ராஸ் பனித்தட்டின் மீதிருந்த ஒரு தனிக் குடிலில் குளிர்காலத்தைக் கழித்தபோது, அடுப்பிலிருந்தும் மின்னாக்கி எஞ்சினிலிருந்தும் கசிந்த இந்த வாயுவால் நஞ்சூட்டப்பட்டு, மாதக்கணக்கில் நலிந்து, ஆகஸ்ட்டில்தான் மீட்கப்பட்டார். கூடாரத்தின் கொள்ளளவு அந்தக் குடிலைவிட மிகச் சிறியது.

புயல் நாட்களில் இந்த அபாயம் கூடுவதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. பறக்கும் பனி காற்றுத்துளைகளை அடைக்கிறது. ஓர மடிப்பின் மீது குவிந்த பனி அடிவழிக் காற்றைத் தடுக்கிறது. பனித்துகள் உள்ளே வருகிறது என்று நாமே மேல் ஜிப்பை மூடிவிடுகிறோம். போதாக்குறைக்கு, பனி நிறைந்த குளிர்ந்த பாத்திரத்தின் அடியில் படும் தீநாக்கு முழுமையாக எரியாமல் இந்த வாயுவை அதிகம் வெளியிடும். எனவே அடுப்பு வாசல் பகுதியில்தான் எரிய வேண்டும். காற்று மறைவுப் பக்கத்து ஜிப் மேலே ஒரு முழம் திறந்திருக்க வேண்டும். அடுப்பை ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் காற்றுத்துளைகளை உள்ளிருந்து கையால் தட்டிப் பனியை உதிர்க்க வேண்டும். தலைவலி, குமட்டல், காரணமற்ற எரிச்சல், எளிய வேலையில் தடுமாற்றம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அடுப்பை அணைத்து, இரு பக்க வாசலையும் திறந்துவிட வேண்டும். குளிர் உள்ளே வரும், வரட்டும்.

தீ இன்னொரு அபாயம். நைலான் கூடாரம் பற்றினால் சில நொடிகளில் உருகிவிடும். அடுப்பை ஒரு பலகையில் பொருத்தி, அசையாமல் வைத்து, ஆறிய பிறகே எரிபொருள் நிரப்ப வேண்டும். அடுப்பு எரிபொருளான வெள்ளைப் பெட்ரோல் மைனஸ் 30 டிகிரியிலும் உறையாமல் திரவமாகவே இருக்கும். கையில் சிந்தினால் ஆவியாகும்போதே தோலை உறையச் செய்துவிடும். கையுறை இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

ஐந்தாம் படி: நீர், உணவு, எரிபொருள் கணக்கு

முடங்கிய முதல் நாள் காலையிலேயே மீதமுள்ள எரிபொருளையும் உணவையும் கையால் எண்ணிக் குறித்துவிடுங்கள். நினைவிலிருந்து சொல்லும் கணக்கு போதாது. 1912 மார்ச்சில் ராபர்ட் ஸ்காட்டும் வில்சனும் பவர்ஸும், துருவத்திலிருந்து திரும்பும் வழியில், ஒன் டன் என்ற உணவுக் கிடங்குக்கு 11 மைல் முன்பாகப் புயலில் சிக்கியபோது, அவர்களிடம் இரண்டு நாள் உணவும் மிகச் சிறிதளவு எரிபொருளும்தான் இருந்தன. வழியிலிருந்த கிடங்குகளில் எண்ணெய் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்ததற்கு, டப்பா மூடிகளின் தோல் வாஷர்கள் குளிரில் கெட்டு ஆவி கசிந்ததே பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அதே பருவத்தில் துருவம் சென்ற ருவால் அமுண்ட்சன் தன் டப்பாக்களை ஈயம் வைத்து அடைத்திருந்தார். கசிவு இன்றும் நடக்கிறது. அடுப்புப் பம்பின் ரப்பர் வளையம் குளிரில் சுருங்கினால் போதும்.

இழுத்து நடக்கும் நாளில் ஒருவர் 5,000 கலோரிக்கு மேல் உண்பது வழக்கம். படுத்திருக்கும் நாளில் அதில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு போதும். ஆனால் உணவைக் குறைப்பதற்காக நீரைக் குறைத்துவிடக் கூடாது. வறண்ட காற்றில் மூச்சின் வழியாகவே உடல் நிறைய நீரை இழக்கிறது, நீர் குறைந்த உடலில் விரல்கள் எளிதில் உறைகின்றன. பனியை உருக்கும்போது, தூளான புதுப்பனியைத் தவிர்த்து, ரம்பத்தால் அறுத்த கெட்டிக் கட்டிகளையே போட வேண்டும். ஒரே பாத்திரத்தில் கூடுதல் நீர் கிடைக்கும். அடியில் சிறிது நீர் விட்டுத் தொடங்கினால் பாத்திரம் கருகாது. ஒரே தடவையில் ஒரு நாளுக்கான நீரை உருக்கி, வெந்நீர்க் குடுவைகளில் நிரப்பிவிட்டு அடுப்பை அணைப்பதே சிக்கனம். கூடாரத்தைச் சூடாக்குவதற்காக மட்டும் அடுப்பை எரிப்பது, காத்திருப்பு எத்தனை நாள் நீளும் என்று தெரியாத நிலையில், பெரும் பிழை.

ஆறாம் படி: ஈரத்தோடு போராடுவது

கூடாரத்தினுள் நீங்கள் விடும் மூச்சு, உள்துணியில் மெல்லிய பனிப்பூவாகப் படியும். காற்றில் துணி அடித்துக்கொள்ளும்போது அது உதிர்ந்து முகத்திலும் உறக்கப்பையின் வாயிலும் விழுந்து, உருகி, மீண்டும் உறையும். சில மணி நேரத்துக்கு ஒரு முறை அதைத் துணியிலிருந்து துடைத்துச் சேகரித்து வெளியே போட வேண்டும். உறக்கப்பைக்குள் முகத்தைப் புதைத்து மூச்சுவிடக் கூடாது. மூக்கும் வாயும் வெளியே இருக்க வேண்டும். உடல் ஆவி பஞ்சுக்குள் செல்லாமல் தடுக்கும் உள்ளுறையை நான் வலியுறுத்துவேன். முதல் இரவில் அது பிசுபிசுப்பாகத் தோன்றும். அது இல்லாத உறக்கப்பை வாரக்கணக்கில் பனிக்கட்டி சேர்ந்து கனத்துப்போகும். நனைந்த காலுறைகளை வயிற்றின் மீது, ஆடைக்குள் வைத்து உலர்த்தலாம்.

சிறுநீர்க் குடுவை, குடிநீர்க் குடுவையிலிருந்து கைத்தடவலிலேயே வேறுபடும்படி, வடிவத்திலோ சுற்றிய கயிற்றிலோ அடையாளம் கொண்டிருக்க வேண்டும். மலம் கழிக்க வாசல் பகுதியின் காற்று மறைவு மூலையில் ஒரு குழி வெட்டிப் பையை விரித்துக்கொண்டால், அந்த ஒரு தேவைக்காகப் புயலுக்குள் செல்ல வேண்டியிராது.

ஏழாம் படி: வெளியே சென்று பார்ப்பது

இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை யாராவது ஒருவர் வெளியே சென்றாக வேண்டும். தளர்ந்த கயிறுகளை இறுக்குவது, வெளிப்பட்டுவிட்ட முளையை மீண்டும் புதைப்பது, ஓர மடிப்பின் மீது காற்று தின்றுவிட்ட பனியைத் திரும்ப இடுவது, மறைவுப் பக்கத்தில் குவிந்து துணியை உள்ளே அழுத்தும் பனியை அகற்றுவது ஆகியவையே அப்போதைய வேலைகள். மண்வாரியின் விளிம்பைத் துணிக்கு அருகே கொண்டுபோகாமல், கடைசி ஒரு சாண் அளவுப் பனியைக் கையால் அகற்ற வேண்டும்.

ஒரு நிமிட வேலையானாலும் முழு உடை, கண்ணாடி, கையில் வாரால் பிணைத்த கையுறை, கூடாரத்தோடு கட்டிய கயிறு ஆகிய நான்கும் இன்றி வெளியேறக் கூடாது. 1990 மார்ச் 1 அன்று, ஏழு மாதப் பயணத்தில் கண்டத்தைக் குறுக்காகக் கடந்து முடிக்கும் தறுவாயிலிருந்த பன்னாட்டு நாய்வண்டிக் குழுவில், கெய்சோ ஃபுனாட்சு என்ற ஜப்பானியர் நாய்களைப் பார்க்கக் கூடாரத்தை விட்டு வெளியே சென்றார். சில அடிகளிலேயே திசை தவறியது. திரும்ப முடியாது என்று புரிந்ததும், அலைந்து திரிவதை நிறுத்தி, பனியில் குழி பறித்து உடலை மூடிக்கொண்டார். மற்றவர்கள் நீண்ட கயிறு கட்டிச் சுற்றிச் சுற்றித் தேடினார்கள். ஏறத்தாழ 13 மணி நேரத்துக்குப் பிறகு அவர் உயிருடன் கிடைத்தார். கயிறு கட்டாமல் வெளியேறி வழி தவறியவர் செய்யக்கூடியவற்றில் அவர் செய்ததே சரி: நின்றுவிடுவது, பனிக்குள் இறங்குவது, அவ்வப்போது உடலை அசைப்பது.

எட்டாம் படி: ஏதேனும் உடைந்தால்

கம்பி முறிந்தால், முறிந்த கூர்முனை வெளித்துணியைக் கிழிப்பதற்கு முன் அந்த வளைவைத் தாழ்த்த வேண்டும். உலோகக் குழாய்த் துண்டைச் செருகி, இரு முனைகளிலும் ஒட்டுப்பட்டை சுற்றலாம். குளிரில் பட்டை ஒட்டாது என்பதால் அதை முன்பே உடலோடு வைத்துச் சூடாக்கியிருக்க வேண்டும். கிழிசலை ஊசி நூலால் தைப்பதே நிலைக்கும். வலுத்த வீச்சின்போது காற்றுப் பக்கக் கம்பியின் மீது முதுகைச் சாய்த்து அமர்வது, கடுமையான அந்தச் சில நிமிடங்களுக்கு உண்மையிலேயே உதவும்.

கூடாரம் நிற்காது என்று தெரிந்தால் அது கிழியும் வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடைகளை அணிந்து, அவசரப் பையை எடுத்துக்கொண்டு, கம்பிகளை நீங்களே இறக்கிவிட்டு, துணியைத் தரையோடு தாழ்த்தி, ஸ்லெட்ஜ்களை அதன் மீது ஏற்றிப் பிடித்துக்கொள்ளலாம். தாழ்ந்து கிடக்கும் முழுத் துணி பிறகு மீண்டும் கூடாரமாகும். அதுவும் முடியாதபோது, பனிச்சுவரின் பின்னே ஆள் படுக்கும் அளவுக்கு அகழி வெட்டி, மேலே ஸ்லெட்ஜையும் கூடாரத் துணியையும் மூடி, பனியால் ஓரம் அடைத்து உள்ளே இறங்க வேண்டும்.

தினசரித் தொடர்பு நேரத்தைத் தவறவிடாதீர்கள். பேட்டரிகளை உறக்கப்பைக்குள் வைத்திருந்தால்தான் போன் இயங்கும். பெருங்காற்றில் விமானம் இறங்க முடியாது என்பதால், உதவி தேவைப்படலாம் என்ற ஐயம் வந்த உடனேயே அதைச் சொல்லிவிட வேண்டும். கடைசி வேளை எரிபொருளோடு அழைப்பவருக்கு யாராலும் விரைந்து வர இயலாது.

மனதைப் பொறுத்தவரை நான் சொல்வது சிறிதுதான். மணி பார்த்து எழுவது, மணி பார்த்து உண்பது, உறக்கப்பைக்குள்ளேயே கைகால்களை இறுக்கித் தளர்த்துவது, வெளி வேலையை முறை வைத்துப் பகிர்ந்துகொள்வது, துணி அடிக்கும் ஓசையில் கத்திப் பேச நேர்ந்தாலும் துணைவரிடம் பேசாமல் இருந்துவிடாமல் பார்த்துக்கொள்வது.

ஒன்பதாம் படி: மீண்டும் புறப்படுவது

காற்று திடீரென நின்றவுடன் மூட்டை கட்டத் தொடங்கக் கூடாது. தாழ்வு மண்டலம் கடக்கும்போது இடையில் அமைதி வந்து, வேறு திசையிலிருந்து மீண்டும் வலுப்பதுண்டு. காற்றழுத்தம் சில மணி நேரமாகத் தொடர்ந்து ஏறுகிறதா, தளத்தின் முன்னறிவிப்பு ஒத்துப்போகிறதா, தொடுவானமும் தரையின் மேடுபள்ளமும் கண்ணுக்குத் தெரிகின்றனவா என்ற மூன்றையும் பார்த்த பிறகு முடிவெடுங்கள். உணவு தீர்வதும் துருவத்தில் காத்திருக்கும் விமானத்தின் தேதியும் மனத்தை நெருக்கும். அதனால்தான், எத்தனை நாள் உணவு மீதமிருக்கும்போது பயணத்தைக் கைவிட்டு விமானத்தை அழைப்பது என்பதைப் புயலுக்குள் இருக்கும்போது தீர்மானிக்காமல், பயணம் தொடங்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

பிரிக்கும் வரிசை, போட்ட வரிசையின் நேர் எதிர். உள்ளேயுள்ள பொருட்கள் யாவும் ஸ்லெட்ஜில் ஏறிக் கட்டப்பட்ட பிறகு, மறைவுப் பக்கக் கயிறுகளிலிருந்து தொடங்கி, காற்றுப் பக்க வளையத்தைக் கடைசியாக அவிழ்க்க வேண்டும். துணி சுருட்டிப் பைக்குள் போகும் வரை காரபினர் பூட்டியே இருக்கட்டும். புதைந்த முளைகளை எண்ணிப் பார்த்து எடுங்கள். அண்டார்க்டிகாவின் சூழலைக் காக்கும் 1991-ஆம் ஆண்டின் மாட்ரிட் நெறிமுறை அங்கே கழிவுகளை விட்டுவருவதைக் கட்டுப்படுத்துகிறது. வாசல் குழியிலிருந்த பையும் உங்களோடு வர வேண்டும். படுத்தே கிடந்த கால்கள் இறுகியிருக்கும். புயல் புதிதாகச் செதுக்கிய வரப்புகளில் ஸ்லெட்ஜ் கவிழும். ஆகவே முதல் நாள் நடையை வழக்கமான நேரத்தில் பாதியாக வைத்து, அன்று மாலை உறக்கப்பையைச் சூரியனில் கூடாரத்தின் மேல் விரித்து உலர்த்த நேரம் ஒதுக்குங்கள்.